வன்னிக் குளத்தின் அடித்தரையை அளப்பதும் வாயுக் குமிழியைப் பிடிப்பதும்: முதல்முறை இறங்குபவர்களுக்கு

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை, அக்கராயன் என்று எந்தக் குளத்தை எடுத்தாலும் மேலே தெரிகிற தண்ணீருக்கு எல்லோரிடமும் கணக்கு இருக்கிறது. இன்றைக்கு எத்தனை அடி, எத்தனை ஏக்கருக்குப் பாயும், வான் பாயுமா (நிறைந்து வழியுமா) பாயாதா என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். அடித்தரை எப்படிக் கிடக்கிறது, பழைய ஆற்றுப் பள்ளம் எந்தப் பக்கம் போகிறது, எந்த இடத்தில் சேறு ஆழம், எங்கே குமிழி விடாமல் வருகிறது என்று கேட்டால் அந்தக் குளத்தில் வலை போடுகிறவர்கள்தான் சொல்வார்கள்.

அதை அளந்து வரைபடமாக்க வேண்டும் என்று இறங்குகிற பல்கலைக்கழக மாணவர்கள், உயர்தரப் பிள்ளைகளை வைத்துச் செயற்றிட்டம் செய்கிற ஆசிரியர்கள், குளத்தின் மேல் அக்கறை உள்ள யாராவது இருந்தால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தொடங்கியபோது ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தன் பகுதி மட்டும்தான் தெரிந்திருந்தது. முழு ஒழுங்கையும் ஒரே இடத்தில் சொல்ல ஆள் இருக்கவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

## 1. என்ன தேடுகிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள்

ஏரியின் அடித்தரை பற்றி வாசிக்கத் தொடங்கினால் முதலில் கண்ணில் படுவது ரஷ்யாவின் பைக்கல் ஏரிதான். 1642 மீற்றர் ஆழம், அடியில் சேற்று எரிமலைகள், மீதேன் வாயுவும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டி போல உறைந்த வாயு ஐதரேற்று. வாசிக்க ஆசையாக இருக்கும், ஆனால் அதில் எதையும் நம்முடைய குளத்தில் தேட வேண்டாம். அந்த ஐதரேற்று நிலைத்து நிற்பதற்குக் கடும் குளிரும் கடும் அழுத்தமும் சேர்ந்து வேண்டும். 4 பாகை குளிரிலேயே ஏறக்குறைய 400 மீற்றர் ஆழம் தேவை. இரணைமடுவின் முழு நீர்மட்டமே 36 அடி, கிட்டத்தட்ட 11 மீற்றர்.

கமரூனில் நியோஸ் ஏரியிலிருந்து 1986 ஆகஸ்ட் 21 இரவு கரியமில வாயு வெளிவந்து ஏறக்குறைய 1,700 பேர் இறந்ததைப் படித்துவிட்டு, இங்கேயும் அப்படி நடக்குமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நடக்காது. அது எரிமலைப் பள்ளத்தில் 200 மீற்றருக்கும் மேல் ஆழமாகக் கிடக்கிற ஏரி, கீழிருந்து எரிமலை வாயு ஏறி அடிநீரில் காலங்காலமாகச் சேர்ந்திருந்தது. வன்னிக்குக் கீழே அப்படி எரிமலை கிடையாது, நம்முடைய குளத்து நீரை ஒரு நல்ல சோளகக் காற்றே (தென்மேற்குக் காற்று) அடி வரைக்கும் கலக்கிவிடும். ஊர் ஆட்களிடம் பேசும்போது இதைத் தெளிவாகச் சொல்லுங்கள், பயம் கிளப்பிவிட்டால் அடுத்த நாள் வள்ளம் கிடைக்காது.

நமக்குக் கிடைப்பது வேறு. குளம் கட்டுமுன் ஓடிய ஆற்றின் பள்ளம், கட்டுக்கு மண் எடுத்த கிடங்குகள், ஆறு வந்து விழுகிற இடத்தில் பரந்து கிடக்கிற வண்டல், மூழ்கிப்போன பழைய கட்டுகள், மரக்குற்றிகள், புற்று மேடுகள். வாயு என்று சொன்னால் பெரும்பாலும் மீதேன். தாமரை, ஆம்பல், இலை தழை, மாட்டுச் சாணம் எல்லாம் ஒட்சிசன் இல்லாத சேற்றுக்குள் மக்கும்போது நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. ஆழமான ஏரியில் குமிழி மேலே வரும் வழியிலேயே வாயுவில் பெரும்பகுதி நீரில் கரைந்துவிடும், கரைந்ததில் நிறைய பக்டீரியாவுக்கு உணவாகிவிடும். நம் குளம் ஆழமில்லாததால் குமிழி நேரே வெளியில் வந்து உடைகிறது. அதனால்தான் இங்கே அளப்பதற்குப் பெறுமதி இருக்கிறது.

## 2. குளத்தின் நாள்காட்டியோடு போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். குளம் நிறைந்திருக்கும்போது ஆழத்தை அளக்க வேண்டும், இறங்கத் தொடங்கும்போது வாயுவைப் பிடிக்க வேண்டும், வற்றியபின் அடித்தரையில் நடந்து பார்க்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே வருடத்தில் ஒரு தடவைதான் வாய்ப்பு, ஒன்றைத் தவறவிட்டால் அடுத்த மாரி வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மாரி மழை ஒக்டோபரில் தொடங்கி நவம்பர், டிசம்பரில் உச்சத்துக்கு வரும், சனவரியில் குளம் நிறைந்து நிற்கும். பெப்ரவரி, மார்ச் இரண்டும்தான் ஆழம் அளக்க நல்ல மாதங்கள்: நீர் மட்டம் உயரம், வாடை (வடகிழக்குக் காற்று) ஓய்ந்திருக்கும், சோளகம் இன்னும் எழும்பியிருக்காது. சிறுபோகத்துக்குத் துருசு (மதகு) திறந்தபின் மட்டம் நாளுக்கு நாள் இறங்கும். வாயுவுக்கு அந்தக் காலம்தான் சரி. மேலே நிற்கிற நீரின் பாரம் குறையக் குறைய, சேற்றுக்குள் அடைபட்டிருந்த வாயு, சோடாப் போத்தலின் மூடியைத் திறந்தது போல வெளியே வரத் தொடங்கும். ஆகஸ்ட், செப்ரெம்பரில் அலைகரையிலிருந்து (கட்டுக்கு எதிர்ப்புறத்துக் கரை) வெகுதூரம் உள்ளே நடக்கலாம்.

கடிதங்களை நவம்பரிலேயே தொடங்குங்கள். சனவரியில் கடிதம் எழுதத் தொடங்கினால் அனுமதி கைக்கு வரும்போது சித்திரைப் புதுவருடம் வந்துவிடும், அதற்கிடையில் துருசும் திறந்துவிடுவார்கள்.

## 3. கடிதங்கள்: யாரிடம், எந்த ஒழுங்கில்

முதல் கேள்வி, குளம் யாருடையது. ஆறு வடமாகாணத்துக்குள்ளேயே தொடங்கி முடிகிற குளமென்றால் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம். கட்டுக்கரைக்குளம் போல மாகாணம் தாண்டி வருகிற அருவியாற்று நீரில் நிறைகிற குளமென்றால் மத்திய நீர்ப்பாசனத் திணைக்களம். 80 ஹெக்ரேயருக்குக் குறைவாகப் பாய்ச்சுகிற சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும், கமநல சேவை நிலையத்துக்குப் போக வேண்டும். தப்பான அலுவலகத்தில் கொடுத்தால் கடிதம் திரும்பி வராது, எங்காவது ஒரு கோப்பில் படுத்துவிடும். ஒரு இடத்தில் என்னுடைய கடிதம் வாரக்கணக்கில் அப்படித்தான் கிடந்தது, நேரில் போய்க் கேட்டபின்தான் அது அவர்களுக்குரியதல்ல என்று சொன்னார்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: உங்கள் துறைத் தலைவர் அல்லது மேற்பார்வையாளர் கையொப்பமிட்ட கடிதம், தேசிய அடையாள அட்டையின் பிரதி, மாணவர் அட்டையின் பிரதி, குளத்தின் வரைபடத்தில் நீங்கள் போகப்போகிற பகுதியைக் குறித்த ஒரு தாள், திகதிகள், கூட வருகிறவர்களின் பெயர்கள், கருவிகளின் பட்டியல். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது என்ன செய்யும் என்று ஒரு வரி எழுதுங்கள். கம்பி, மின்கலம், திரை எல்லாம் பூட்டிய ஒரு கருவியோடு குளக்கட்டில் நிற்கிறவரை யாராவது நிறுத்திக் கேட்டால் அந்த ஒரு வரிதான் பதில்.

நீர்ப்பாசனப் பொறியியலாளருக்கு முதற் கடிதம். பிரதிகள் பிரதேச செயலாளருக்கும் கிராம அலுவலருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும். குளம் அல்லது அதன் கரை சரணாலய எல்லைக்குள் வந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குத் தனி விண்ணப்பம், அதற்கு நேரம் கூட எடுக்கும். ட்ரோன் பறக்கவிட நினைத்தால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். முதல் வருடத்தில் ட்ரோனை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் எண்ணம், அது இல்லாமலே வேலை முடியும்.

அப்புறம், தாளில் இல்லாத இரண்டு அனுமதிகள்: கமக்காரர் அமைப்பும் நன்னீர் மீன்பிடிச் சங்கமும். இவர்களுக்குக் கடிதம் மட்டும் அனுப்பாதீர்கள், கூட்டம் நடக்கிற நாளில் நேரில் போங்கள். கமக்காரர்களுக்கு வருகிற முதற் சந்தேகம், ஆழத்தை அளந்து தண்ணீரை வேறு எங்கோ கொண்டுபோகப் போகிறார்கள் என்பது. அந்தச் சந்தேகத்துக்கு இங்கே நியாயமான காரணம் உண்டு, அதனால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள், வரைபடத்தின் பிரதி தருவேன் என்று வாக்குக் கொடுங்கள்.

அலுவலகத்தில் நிற்கும்போதே இன்னும் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். ஒன்று, குளத்தின் பரப்பு–கொள்ளளவு அட்டவணை. மற்றது, நாளாந்த நீர்மட்டப் பதிவின் பிரதி. இரண்டும் இல்லாமல் பின்னால் வருகிற எந்தக் கணக்கும் நிற்காது.

## 4. செலவு எங்கே போகும்

விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் ரூபாய்த் தொகை எழுதவில்லை. எது பெரிது, எது சின்னது என்று சொல்கிறேன்.

பெரிய செலவு ஜிபிஎஸ் பொருத்திய எதிரொலி ஆழமானி. மீன் தேடுவதற்கென்று விற்கிற சின்ன வகையே போதும், ஆனால் பாதையையும் ஆழத்தையும் நினைவக அட்டையில் பதிகிற மாதிரியா என்று வாங்குமுன் பாருங்கள். திரையில் மட்டும் காட்டுகிற மலிவான வகையை வாங்கினால் காசு வீண். வாங்காமல் இரவல் எடுப்பதுதான் புத்தி. அறிவியல்நகரிலும் வவுனியாவிலும் பல்கலைக்கழகப் பீடங்கள் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள், கேட்கும்போது வாயு நிறப்பகுப்புக் கருவி (மாதிரியில் மீதேன் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது) வேலை செய்கிற நிலையில் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டாவது, வள்ளமும் அதை ஓட்டுகிறவரும். ஒரு நாள் வலை போடாமல் உங்களோடு வருகிறார், ஆகவே அந்த நாளின் உழைப்புக்குக் குறையாமல் கொடுங்கள், பேரம் பேச வேண்டாம். அந்த அண்ணை சொல்லித்தருகிற இடங்கள் கருவி காட்டாதவை. மூன்றாவது வாயு மாதிரிகளின் ஆய்வுகூடக் கட்டணம். ஒரு மாதிரிக்கு எவ்வளவு என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிவிட்டு, அதற்கேற்ப எத்தனை பொறி வைப்பது என்று தீர்மானியுங்கள். மற்றதெல்லாம் சில்லறை: மோட்டார் சைக்கிள் மின்கலம், பிவிசிக் குழாய், நைலோன் கயிறு, மருந்துக்கடை ஊசிக்குழல்கள். உயிர்காப்பு அங்கி மட்டும் ஆளுக்கொன்று கட்டாயம், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

## 5. வள்ளம் ஏறுமுன் வீட்டில் செய்யக்கூடியது

இது செலவில்லாத பகுதி, ஆனால் பலர் இதைத் தாண்டிப் போகிறார்கள். சென்ரினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், ஐந்து நாளுக்கொரு படம், 10 மீற்றர் துல்லியம். ஒரு நாளில் குளத்தின் நீர்க்கரை சுற்றிவர ஒரே மட்டத்தில்தான் ஓடும், ஆகவே அந்த நாளின் நீர்மட்டப் பதிவு உங்களிடம் இருந்தால் அந்த நீர்க்கரை ஒரு சமவுயரக் கோடு. மார்ச்சில் ஒரு படம், மேயில் ஒன்று, யூலையில் ஒன்று, செப்ரெம்பரில் ஒன்று எடுத்துக் கரையைக் கீறினால் குளத்தின் ஆழமில்லாத பாதி, வள்ளம் போகமுடியாத தாமரைக் காடு உட்பட, உங்கள் கையில். பச்சை அலைவரிசையையும் அண்மை அகச்சிவப்பு அலைவரிசையையும் ஒப்பிட்டு நீரைப் பிரிக்கலாம், கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளிலேயே செய்யலாம், அதுவும் இலவசம். செடி மூடிய இடத்தை அது நிலம் என்று காட்டும், அதைக் கையால் திருத்துங்கள். நவம்பர் முதல் சனவரி வரை முகில், அந்த மாதங்களில் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

## 6. ஆழம் அளக்கும் நாள்

விடியற்காலையிலேயே தொடங்குங்கள், காற்று எழும்புமுன். இரவு போட்ட வலைகளை எடுத்துமுடிக்கும் வரை அந்தப் பக்கம் போகக் கூடாது. எந்தப் பக்கம் எப்போது காலியாகும் என்று முதல் நாளே சங்கத்தில் கேட்டுவையுங்கள்.

கருவியின் உணரியை ஒரு தடியில் கட்டி வள்ளத்தின் பக்கவாட்டில் நீருக்குள் இறக்குங்கள். நீர்மட்டத்திலிருந்து உணரி எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து, அதை எல்லா ஆழத்தோடும் கூட்ட வேண்டும். நன்னீர் என்ற அமைப்பைத் தெரிவுசெய்யுங்கள். ஒலியின் வேகம் 30 பாகை நன்னீரில் செக்கனுக்கு ஏறக்குறைய 1,509 மீற்றர். கருவி 1,500 என்று எடுத்தாலும் 10 மீற்றர் ஆழத்தில் 6 சென்ரிமீற்றர்தான் பிழை. அதைவிடப் பெரிய பிழைகள் வேறு இடத்தில் இருக்கின்றன:

அடியும் மீற்றரும். திணைக்களத்தின் அளவுகோல் அடியில், உங்கள் கருவி மீற்றரில். பதிவுப் புத்தகத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு எழுதுங்கள்.

நேரம். ஜிபிஎஸ் பதிவு பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். காலை ஐந்தரைக்கு முன் தொடங்கிய கோப்பு நேற்றைய திகதியோடு வந்தால் பயப்பட வேண்டாம், காரணம் இதுதான்.

நீர்மட்டம். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அளவுகோலை வாசியுங்கள். துருசு திறந்திருந்தால் இரண்டு நாள் அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தாது, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஜிபிஎஸ் சொல்கிற உயரத்தை இதற்குப் பயன்படுத்தவே கூடாது, அது மீற்றர் கணக்கில் ஆடும்.

வள்ளத்தை நடை வேகத்தில், பழைய ஆற்றுப் பள்ளத்துக்குக் குறுக்காக, 50 மீற்றர் இடைவெளியில் ஓட்டுங்கள். முடிந்தபின் அவற்றை வெட்டிக்கொண்டு இரண்டு மூன்று நெடுக்குக் கோடுகள். வெட்டுகிற இடங்களில் இரண்டு ஆழமும் ஒத்துவருகிறதா என்பதுதான் உங்கள் வேலையின் பரீட்சை. இடையிடையே ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பாருங்கள். இளகிய சேற்றில் குண்டு ஒரு முழம் கீழே போகும், கருவி சேற்றின் மேல்முகத்தைக் காட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிவையுங்கள், சேறு எங்கே இளகிக் கிடக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

சில இடங்களில் அடித்தரைக் கோடு மங்கும், அல்லது சடாரென்று மேலெழும்பி அதற்குக் கீழே ஒன்றும் தெரியாது. செடியாக இருக்கலாம். செடி இல்லையென்றால், சேற்றுக்குள் வாயு நிறைந்திருக்கிறது. வாயுக் குமிழி ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும், கீழே போக விடாது. கருவி பழுதென்று நினைத்து அந்த இடத்தை அழித்துவிடாதீர்கள், புள்ளி போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த பகுதிக்கு அதுதான் ஆரம்பம்.

## 7. வாயுவைப் பிடிப்பது

புள்ளி போட்ட இடங்களுக்குத் திரும்பிப் போய் வள்ளத்தை நங்கூரமிட்டு அசையாமல் நில்லுங்கள். திரையில் அடியிலிருந்து மேல்நோக்கிச் சாய்வாக ஏறுகிற கோடுகள் குமிழிகள், வளைவுகள் மீன்கள். மீன் கூட்டத்தைக் குமிழி என்று எண்ணிவிடுவது எளிது, ஆகவே கோடு தரையில் தொடங்கி நீர்முகம் வரை வருகிறதா என்று பாருங்கள்.

பொறி செய்வது சுலபம். தடித்த பிளாஸ்ரிக் தாளால் கூம்பு, வாய் 50 சென்ரிமீற்றர் விட்டம், மேல் நுனியில் ஊசிக்குழலும் மூவழி அடைப்பானும். வாய் கீழ்நோக்கி, முழுதும் நீரில் மூழ்கியபடி, உள்ளே காற்றுத் துளிகூட இல்லாமல் இறக்கிக் கல்லில் கட்டி மிதவை போடுங்கள். மிதவையில் பெயரும், இது ஆராய்ச்சிப் பொறி என்ற ஒரு வரியும் தமிழில் எழுதுங்கள், சங்கத்தில் சொல்லியும் வையுங்கள். அடியில் முட்டாமல் தொங்க வேண்டும், முட்டினால் பொறியே சேற்றைக் கிளறி வாயு எடுக்கும்.

முழு 24 மணித்தியாலம் விடுங்கள். வெப்பவலயத்தில் வளிமண்டல அழுத்தம் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும், மாலை நாலு மணியளவில் ஒரு தாழ்வு. அழுத்தம் தாழும்போது குமிழி கூடலாம். காலையில் மட்டும் அளந்தவரின் எண்ணும் பின்னேரம் மட்டும் அளந்தவரின் எண்ணும் ஒத்துவராது. கணக்கு: 50 சென்ரிமீற்றர் வாயின் பரப்பு 0.196 சதுர மீற்றர். ஒரு நாளில் 100 மில்லிலீற்றர் சேர்ந்தால் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 510 மில்லிலீற்றர். பொறி தொங்கிய ஆழத்தையும் எழுதுங்கள். 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல் இரண்டு மடங்கு, அங்கிருந்து வருகிற குமிழி நீர்முகத்தை அடையும்போது இரண்டு மடங்கு பருத்திருக்கும்.

மாதிரியைக் கொண்டுபோக ரப்பர் மூடிக் கண்ணாடிக் குப்பியில் செறிந்த உப்புநீரை நிரப்புங்கள், லீற்றருக்கு 360 கிராம் உப்பு, ஆனையிறவு உப்பே போதும். உப்புநீரில் மீதேன் குறைவாகவே கரையும். ஒரு ஊசியால் வாயுவைச் செலுத்தும்போது இன்னொரு ஊசியால் நீர் வெளியேறும். கொஞ்சம் நீரை உள்ளே மிச்சம் வைத்துத் தலைகீழாகக் கொண்டுபோங்கள், அப்போது மூடி வழியாக வாயு கசியாது.

இரண்டு எச்சரிக்கை. டிசம்பரில், காய்ந்த தரையில் புதுத் தண்ணீர் ஏறும்போது கொப்பளிக்கிற குமிழி மீதேன் அல்ல, மண் வெடிப்புக்குள் இருந்த சாதாரணக் காற்று. அதைப் படம் பிடித்து வாயுக் கசிவு என்று போடாதீர்கள். மற்றது, லைற்றர் கொளுத்திச் சோதிக்க வேண்டாம், வள்ளத்தில் யாரும் சுருட்டோ பீடியோ பிடிக்கவும் வேண்டாம். காற்றில் 5 முதல் 15 வீதம் மீதேன் கலந்தால் தீப்பற்றும், கூம்புக்குள் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

## 8. வற்றிய தரையில் நடப்பது

பைக்கலின் அடியைப் பார்க்க 2008இல் மீர் என்ற நீர்மூழ்கிகளை இறக்கினார்கள். நமக்குச் செருப்பும் தடியும் போதும், அதற்காகவே இந்தப் பருவத்தை விடக் கூடாது. ஆழமானி மேடு என்று காட்டியது புற்றா, மரக்குற்றியா, மூழ்கிய கட்டா என்று நேரில் பார்க்கலாம். குமிழி வந்த இடங்களில் பிவிசிக் குழாயைச் சேற்றில் இறக்கி, மேல்வாயை அடைத்து இழுத்தால் சேற்றின் அடுக்குகள் வரும்: மேலே கறுப்பாக மக்கிய வண்டல், கீழே பழைய நிலத்தின் மண்.

ஆனால் இது வன்னி, போர் நடந்த நிலம். இறங்குமுன் கிராம அலுவலரிடமும் கண்ணிவெடிச் செயற்பாட்டு அலுவலகத்திலும் அந்த இடம் துப்புரவாக்கப்பட்டதா என்று கேட்காமல் ஒரு அடி வைக்கக் கூடாது. மாடு போகிற தடத்தை விட்டு விலகாதீர்கள், துருப்பிடித்த எந்த உலோகத்தையும் தொடாதீர்கள், தள்ளி நின்று இடத்தைக் குறித்துப் பொலிசுக்குச் சொல்லுங்கள். குழாய் இறக்குவதும் மண்ணைத் தோண்டுவதுதான், ஆகவே அதற்கும் இதே கேள்வி. மிச்சமிருக்கிற குட்டைகளில் முதலைகள் வந்து சேர்ந்திருக்கும், பொழுது சாய்ந்தால் அலைகரைக்கு யானை வரும். பின்னேரம் நாலு மணிக்கு முன்னரே கட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

## 9. வரைபடமும் பிரதிகளும்

செயற்கைக்கோள் கரைகள், ஆழமானிப் புள்ளிகள், நடந்து எடுத்த புள்ளிகள் மூன்றையும் கியூஜிஐஎஸ்ஸில் ஒரே ஆள்கூற்று முறைக்கு மாற்றுங்கள். இலங்கைக்கான முறை ஈபிஎஸ்ஜி (EPSG) 5235. திணைக்களத்தோடு பகிர அதுவே வசதி. இடைக்கணிப்புச் செய்யும்போது (அளந்த புள்ளிகளை வைத்து அளக்காத இடத்தின் ஆழத்தைக் கணிப்பது) கோடுகளுக்கு நடுவே மென்பொருள் கற்பனையாகக் குழிகள் உண்டாக்கும், நீங்கள் ஓட்டிய பாதையை மேலே போட்டுப் பார்த்தால் எது உண்மை, எது கற்பனை என்று தெரியும். உங்கள் கொள்ளளவைத் திணைக்கள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் உடனே வண்டல் படிந்துவிட்டது என்று எழுதாதீர்கள், அளவுகோலின் பூச்சியம் எந்த மட்டத்தில் என்று பொறியியலாளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் துருசின் அடிமட்டத்திலிருந்துதான் அளக்கிறார்கள், அதற்குக் கீழேயும் தண்ணீர் நிற்கும்.

பிரதிகள் நான்கு: நீர்ப்பாசன அலுவலகம், கமக்காரர் அமைப்பு, மீன்பிடிச் சங்கம், உங்கள் துறை. சங்கத்துக்குக் கொடுப்பதில் ஆழத்தை அடியிலும், இடங்களின் பெயர்களை அவர்கள் சொல்கிறபடியும் போடுங்கள், பெரிய தாளில் அச்சடித்துப் பிளாஸ்ரிக் உறை போட்டுக் கொடுங்கள், மீன் இறக்குகிற கொட்டிலில் ஈரம் அதிகம்.